கிளாசெட் அடியில் தண்ணீர் கசிகிறது, தரையை உடைத்தே ஆக வேண்டுமா?

வேளச்சேரி_மாடி:
வணக்கம். வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் ஃபிளாட், கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வெஸ்டர்ன் கிளாசெட்தான். ஃபிளஷ் டேங்க் தனியாகச் சுவரில் மாட்டியிருக்கிறது, அதிலிருந்து வளைந்த வெள்ளை பைப் ஒன்று இறங்கி கிளாசெட்டின் பின்பக்கம் போய்ச் சொருகிக்கொள்ளும், அந்த மாடல். கொஞ்ச நாளாக கிளாசெட்டின் அடியில், சுவர்ப் பக்கமாகத் தண்ணீர் நிற்கிறது. துடைத்துவிட்டால் காய்கிறது, யாராவது போய்விட்டு வந்தால் மறுபடியும் ஈரம். கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் தட்டு அகலத்துக்குக் கறை வந்துவிட்டது, அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிளம்பர் ஒருவர் வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை, வாசலில் நின்றபடியே “அடி ஜாயின்ட் போயிடுச்சு சார், கிளாசெட்டைத் தூக்கணும், தூக்கினா உடையும், புதுசு வாங்கிடுங்க, டைல்ஸும் கொஞ்சம் போகும்” என்று சொல்லி 22 ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உடைப்பதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? யூடியூபில் எல்லோரும் மெழுகு வளையம் மாற்று என்கிறார்கள், நம்ம ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை.

குழாய்_மேஸ்திரி:
சார், உடைக்காதீங்க. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். தண்ணீர் எந்நேரமும் வருகிறதா, இல்லை ஃபிளஷ் பண்ணினால் மட்டும் வருகிறதா? எந்நேரமும் வந்தால் அது பிரஷர் இருக்கிற பக்கத்துக் கசிவு, அதாவது ஆங்கிள் காக் (டேங்குக்குப் போகும் தண்ணீரைச் சுவரோரம் மூடித் திறக்கிற குழாய்), கனெக்‌ஷன் ஹோஸ், டேங்கின் இன்லெட் வால்வ் நட், ஹெல்த் ஃபாஸெட், இந்த நாலில் ஒன்று. ஃபிளஷ் பண்ணும்போது மட்டும் வந்தால் ஃபிளஷ் பைப், கிளாசெட் விரிசல், அடி ஜாயின்ட், இந்த மூன்றில் ஒன்று.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது வகை. அதைப் பிரிக்க ஒரு பக்கெட் போதும். கிளாசெட் பின்னாடி, அடியில் எல்லாம் பழைய துணியால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். அடியைச் சுற்றி நியூஸ்பேப்பர் துண்டுகளைச் செருகி வையுங்கள். டேங்கைத் தொடாமல், பக்கெட்டில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் எடுத்து முன்பக்கமாக நேரே பேசினுக்குள், அதாவது கிளாசெட்டின் குழிக்குள், வேகமாக ஊற்றுங்கள், பின்னாடி சிந்தக் கூடாது. பேப்பர் நனைந்தால் அடி ஜாயின்ட்டோ கிளாசெட்டோ போய்விட்டது என்று அர்த்தம், அந்த பிளம்பர் சொன்னது சரி. பேப்பர் காய்ந்தே இருந்தால் அப்புறம் டேங்கை ஃபிளஷ் பண்ணிப் பாருங்கள். இப்போது நனைந்தால் அடி ஜாயின்ட்டுக்கு வேலையே இல்லை. தண்ணீர் மேலே ஃபிளஷ் பைப் சொருகும் இடத்தில் கசிந்து, கிளாசெட்டின் முதுகு வழியாக வழிந்து, அடியில் வந்து நிற்கிறது. பத்து வீட்டுக்குப் போனால் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் இருக்கும், அது ஐம்பது நூறு ரூபாய் சமாசாரம்.

கீழ்வீட்டுக்காரன்:
நான் எதிர்த்தரப்பு. எங்கள் மேல்வீட்டுக்காரர் இதே மாதிரி “பார்க்கலாம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டு, கடைசியில் எங்கள் பாத்ரூம் லைட் பாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கறை இருப்பது லைட்டுக்குப் பக்கத்தில் என்றால் முதலில் கீழ்வீட்டில் அந்த சர்க்யூட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன்னொன்று, என்ன டெஸ்ட் பண்ணுகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பண்ணுங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், சண்டை பாதி குறைந்துவிடும்.

ஜெர்சி_வாசி:
மெழுகு வளையம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அமெரிக்காவில் உண்டு, நான் இரண்டு வீட்டில் மாற்றியிருக்கிறேன். இங்கே தரையில் ஃபிளேஞ்ச் என்று ஒரு வளையத்தைப் பைப்பின் வாயில் பொருத்தியிருப்பார்கள், அதன்மேல் மெழுகு வளையம் வைத்து டாய்லெட்டை உட்கார வைத்து இரண்டு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. நட்டைக் கழற்றினால் டாய்லெட் அப்படியே கையோடு வந்துவிடும். இங்கே டேங்க் கிளாசெட்டின் முதுகின்மேலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே சங்கிலி கட்டிய ஃபிளாப்பர் என்ற ரப்பர் மூடி இருக்கும். அதனால் இங்கத்திய வீடியோவைப் பார்த்து அங்கே டேங்கைத் திறந்தால் ஃபிளாப்பரைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். 1994-க்குப் பிறகு இங்கே வீட்டு டாய்லெட் ஒரு ஃபிளஷ்ஷுக்கு 1.6 கேலன், அதாவது ஆறு லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் ஊரில் பழைய டேங்குகள் பத்து லிட்டர் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பதறுகிறது.

குழாய்_மேஸ்திரி:
சரியாகச் சொன்னீர்கள் சார். நம்ம பக்கம் எஸ் டிராப் கிளாசெட் என்றால் அதன் வாய் கீழே நாலு இன்ச் பைப்புக்குள் இறங்கியிருக்கும், சுற்றி சிமெண்ட் போட்டு அடைத்திருப்பார்கள். அடியில் ஒயிட் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அதனால்தான் தூக்கினால் பாதி நேரம் கிளாசெட் உடைகிறது. இப்போது நல்ல மேஸ்திரிகள் ரப்பர் கனெக்டர் போட்டு உட்கார வைக்கிறார்கள், அது நாளைக்குக் கழற்றவும் வரும். பி டிராப் என்றால் வாய் பின்பக்கச் சுவருக்குள் போகும், அந்த ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியும், கையை வைத்துத் தடவிப் பார்த்தாலே ஈரம் தெரிந்துவிடும். வேளச்சேரி சார், உங்களுடையது எது?

வேளச்சேரி_மாடி:
சுவரில் ஒன்றும் போகவில்லை, அப்படியே தரைக்குள் இறங்குகிறது, எஸ் டிராப்தான் போல. பக்கெட் டெஸ்ட் இன்று ராத்திரி பண்ணிவிட்டுச் சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரரிடமும் பென்சில் விஷயம் சொன்னேன், நல்லவேளை லைட் பாயின்ட் தள்ளித்தான் இருக்கிறது.

சைட்_இன்ஜினியர்:
நண்பர்களே, ரப்பர்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் கட்டடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். அபார்ட்மெண்டுகளில் பாத்ரூம் தளம் மற்ற அறைகளைவிட ஓரடி ஒன்றரை அடி பள்ளமாக இருக்கும், சங்கன் ஸ்லாப் என்போம். அந்தப் பள்ளத்துக்குள் பைப்பெல்லாம் ஓட்டிவிட்டு, செங்கல் துண்டும் மணலும் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். மேலே சிந்துகிற தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இந்தப் பள்ளத்துக்குள் போய்த் தேங்கும். அது நிறைந்து, எங்கே ஸ்லாப்பில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதோ அங்கே இறங்கும். ஆகவே கீழ்வீட்டுக் கறை கிளாசெட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்றில்லை. நேர் கீழே இருந்தாலும் கிளாசெட்தான் குற்றவாளி என்றும் இல்லை. குளிக்கிற இடத்தின் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வடிகிற வாய்) ஓரம், சுவரும் தரையும் சேரும் மூலை, வாஷ்பேசின் கழிவுக் குழாய், எல்லாம் அதே பள்ளத்துக்குள்தான் வடியும்.

பிரித்துப் பார்க்க வழி ஒன்றுதான். இன்னொரு பாத்ரூம் இருந்தால் இதை இரண்டு நாள் பூட்டி வையுங்கள். பிறகு கிளாசெட்டை மட்டும் உபயோகியுங்கள், குளியல் வேண்டாம். பிறகு குளியல் மட்டும், கிளாசெட் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கீழே பென்சில் கோட்டைப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஏனென்றால் நிரப்பு மண் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாகத்தான் விடும்.

சிக்கனம்:
கலர் தண்ணீர் ஊற்றினால் உடனே தெரிந்துவிடாதா இன்ஜினியர் சார்? டேங்கில் சொட்டு நீலம், தரையில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர். கீழே நீலம் வந்தால் கிளாசெட், ஆரஞ்சு வந்தால் தரை.

சைட்_இன்ஜினியர்:
யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, கீழ்வீட்டு சீலிங் வரைக்கும் அது வேலை செய்யாது. ஓரடி மண்ணும் செங்கல் துண்டும் கலரை வடிகட்டிவிடும், ஏற்கெனவே தேங்கிய தண்ணீரில் கலந்து வெளுத்தும் போகும். கலர் வரவில்லை என்பதற்காக அந்த இடம் நல்ல இடம் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் டேங்கிலிருந்து பேசினுக்குள் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க சொட்டு நீலம் அருமையான வழி. டேங்கில் ஐந்தாறு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விட்டுவிட்டு வந்து பாருங்கள். பேசின் தண்ணீர் நீலமானால் அவுட்லெட் வாஷர் போய்விட்டது, அல்லது தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிகிறது.

திருப்பூர்_தங்கம்:
அதைத்தான் சொல்ல வந்தேன். வெளியே சிந்துகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பதறுகிறோம். பேசினுக்குள்ளேயே ஒழுகுவது யாருக்கும் தெரிவதில்லை, மோட்டார் மட்டும் அடிக்கடி ஓடும். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், கெட்டி உப்பு. ஆறு மாசத்தில் டேங்குக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அவுட்லெட் வாஷர் உட்கார்கிற விளிம்பில் அந்த உப்புப் பொருக்கு ஏறினால், ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூடாது.

நான் செய்கிற முறை இது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு ஒரு முறை ஃபிளஷ் பண்ணி டேங்கைக் காலி பண்ணுவேன். உள்ளே இருக்கிற ஃபிளஷ் வால்வைப் பாதித் திருப்புத் திருப்பினால் கையோடு வந்துவிடும் (இரண்டு பட்டன் வைத்த மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான், பட்டனோடு சேர்த்து மூடியை மெதுவாகத் தூக்க வேண்டும், இழுத்தால் உள்ளே கம்பி உடையும்). அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றி, மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்களே சிட்ரிக் ஆசிட், அதை வெந்நீரில் கரைத்து வால்வை ஊறப் போடுவேன். ரப்பரைச் சாதாரணத் தண்ணீரில் கழுவித் திருப்பிப் போடுவேன். ஒரு பக்கம் பள்ளம் விழுந்த வாஷரை மறுபக்கம் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், புதுசு வாங்கும் வரை.

ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் போகட்டும் என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றாதீர்கள், ரப்பரும் ஸ்பிரிங்கும் அரித்துப் போகும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றின இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடின பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

பழைய_வீடு:
அக்கா, எங்கள் டேங்க் ரொம்பப் பழசு, பக்கவாட்டில் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே மணி மாதிரி ஒன்று தூக்கித் தண்ணீர் விழும். அதில் நீங்கள் சொன்ன வால்வே இல்லை. மூடியைத் திறந்தால் பந்து மிதக்கிறது, தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. மதுரை, மாநகராட்சித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான், அதில் பாதி இப்படியே போகிறது.

குழாய்_மேஸ்திரி:
தம்பி, அது சைபன் டேங்க். அதில் தண்ணீர் நிற்பது வாஷரால் இல்லை, சைபன் வளைவுக்கு மேல் தண்ணீர் ஏறாததால்தான். அதனால் அது பேசினுக்குள் ஒழுகுவது அபூர்வம், பழசானாலும் அந்த விஷயத்தில் நல்ல டேங்க். உங்கள் தொல்லை பந்தில் இருக்கிறது. பந்தைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நின்றால் பந்து தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். பித்தளைக் கம்பியாக இருந்தால் மெதுவாகக் கீழ்ப்பக்கம் வளைத்துவிடுங்கள், பிளாஸ்டிக் என்றால் வளைக்காதீர்கள், அதில் ஸ்க்ரூ இருக்கும். தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு இன்ச் கீழே நிற்க வேண்டும். பந்தைத் தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் பால் காக்கினுள் (பந்துக் கம்பி மூடித் திறக்கிற வால்வ்) இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது, இல்லை மணல் மாட்டியிருக்கிறது. பந்தைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் பந்து ஓட்டை, மாற்றிவிடுங்கள்.

சிக்கனம்:
எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க ஒரு வழி. ஆங்கிள் காக்கை மூடுங்கள். டேங்குக்குள் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு. பத்து நிமிஷம் கழித்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். டேங்க் உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம் என்றால் ஒரு சென்டிமீட்டர் என்பது 600 மில்லி. பத்து நிமிஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் மணிக்கு 3.6 லிட்டர், ஒரு நாளைக்கு 86 லிட்டர். சத்தமே கேட்காத ஒழுகலுக்கு இந்தக் கணக்கு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, நாங்கள் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான் எங்கள் பிளாக்கில் வீடு வீடாக இதை அளந்தோம். அளக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டில்தான் அதிகம் ஒழுகியது, அது எப்போதும் அப்படித்தான்.

வேளச்சேரி_மாடி:
அப்டேட். பக்கெட் டெஸ்ட் பண்ணினேன். பேசினுக்குள் ஊற்றியதில் பேப்பர் சொட்டுகூட நனையவில்லை. அப்புறம் டேங்கை ஃபிளஷ் பண்ணினேன், பின்பக்கப் பேப்பர் மட்டும் நனைந்தது. மொபைல் டார்ச்சை கிளாசெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஃபிளஷ் பண்ணிப் பார்த்தால், வெள்ளை பைப் நுழைகிற இடத்தில் கறுப்பு ரப்பரின் அடி உதடு பிளந்திருக்கிறது, அதிலிருந்து மெல்லிய நாடாவாகத் தண்ணீர் வந்து பீங்கானோடு ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. சத்தமே இல்லை. ஃபிளஷ் நின்றதும் அதுவும் நின்றுவிடுகிறது. யாரோ முன்பு அதைச் சுற்றி எம்-சீல் (பிசைந்து ஒட்டுகிற பசை) பூசியிருக்கிறார்கள், அது கல்லாகி விரிந்து நிற்கிறது.

இதை நானே மாற்றலாமா? கிளாசெட்டைத் தூக்க வேண்டாம்தானே?

குழாய்_மேஸ்திரி:
தாராளமாக மாற்றலாம், கிளாசெட்டைத் தொடவே வேண்டாம். ஆங்கிள் காக்கை மூடுங்கள், ஃபிளஷ் பண்ணி டேங்கைக் காலி பண்ணுங்கள், மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் எடுங்கள். டேங்குக்கு அடியில் ஃபிளஷ் பைப்பைப் பிடித்திருக்கிற பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கையால் திருகுங்கள், வரவில்லை என்றால் துணி சுற்றி ரெஞ்ச் போடுங்கள், ரொம்பப் பலம் வேண்டாம், டேங்க் கழுத்து உடையும். மேலே விட்டதும் பைப்பைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே ரப்பரிலிருந்து வெளியே இழுங்கள். பழைய எம்-சீலை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள், பீங்கான் வாய் சில்லு விட்டால் புது ரப்பரும் பிடிக்காது. பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள்.

ரப்பரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஃபிளஷ் பைப் ரப்பர் என்று கேளுங்கள். பைப் ஒன்றேகால் இன்ச்சும் உண்டு, ஒன்றரை இன்ச்சும் உண்டு. கிளாசெட் வாயும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குத்துமதிப்பாக வாங்கினால் திரும்பப் போக வேண்டியிருக்கும். பைப்பும் மஞ்சளாகி மொறமொறவென்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், சேர்த்தே முந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

மாட்டும்போது ரப்பரை முதலில் கிளாசெட் வாயில் நன்றாக உட்கார வையுங்கள், மடிப்பு இருக்கக் கூடாது. பைப் முனையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி நேராக உள்ளே தள்ளுங்கள். கோணலாகப் போனால்தான் அடி உதடு பிளக்கிறது, உங்களுடையதும் அப்படித்தான் போயிருக்கும், டேங்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் மாட்டியிருப்பார்கள், பைப் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

பழைய_வீடு:
மேலே நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டுமா அண்ணா?

குழாய்_மேஸ்திரி:
வேண்டாம். ரப்பர் வாஷர் இருக்கிற இடத்தில் வாஷர்தான் தண்ணீரைப் பிடிக்கும், மரை அல்ல. கனெக்‌ஷன் ஹோஸின் இரண்டு முனையிலும் வாஷர் இருக்கிறது, அங்கேயும் டேப் வேண்டாம். கையால் இறுகும் வரை திருகி, அப்புறம் ரெஞ்சால் கால் திருப்பு, அவ்வளவுதான். டேப் வேண்டிய இடம் ஆங்கிள் காக் சுவருக்குள் போகிற மரை. மரை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு கடிகார முள் போகிற திசையில் சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் உருவிக்கொண்டு வந்துவிடும். புது வீடுகளில் சுவருக்குள் சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப், அதன் முனையில் பித்தளை மரை. அங்கே பலத்தைக் காட்டினால் சுவருக்குள் பிளாஸ்டிக் வெடிக்கும், அப்போதுதான் நிஜமாகவே டைல்ஸ் உடைக்க வேண்டி வரும்.

கீழ்வீட்டுக்காரன்:
ஒரு சந்தேகம். கிளாசெட் அடியைச் சுற்றி முழுக்க சிலிகான் போட்டு அடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

சைட்_இன்ஜினியர்:
முன்பக்கமும் பக்கவாட்டும் போடுங்கள், பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு விட்டுவிடுங்கள். முழுக்க அடைத்தால் நாளைக்கு அடி ஜாயின்ட் நிஜமாகவே போனால் தண்ணீர் வெளியே வர வழியில்லை, நேரே பள்ளத்துக்குள் இறங்கும். மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் சீலிங்தான் முதலில் சொல்லும்.

திருப்பூர்_தங்கம்:
இன்ஜினியர் சார் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இடைவெளி விட்டால் கரப்பான் அங்கேதான் குடித்தனம் பண்ணும், சோப்புத் தண்ணீர் போய் நாறும். கழுவுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்த இடுக்கின் அருமை.

சைட்_இன்ஜினியர்:
நியாயம்தான் மேடம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். தரைத்தளத்து வீடு என்றால் முழுக்க அடையுங்கள், கீழே யாரும் இல்லை. மாடி வீடு என்றால் நான் இடைவெளிதான் விடுவேன். எதுவானாலும் ஒயிட் சிமெண்ட் வேண்டாம், உட்கார்ந்து எழும் அசைவில் சீக்கிரம் வெடித்துவிடும். பாத்ரூமுக்கென்று வரும் பூஞ்சை பிடிக்காத சிலிகானை, அடி சொட்டு ஈரமும் இல்லாமல் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், ஈரத்தில் ஒட்டாது. போட்டு ஒரு நாள் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

கிளாசெட் ஆடுகிறதா என்றும் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் லேசாகச் சாய்ந்தால் தெரியும். ஆடினால் சிலிகான் எல்லாம் கண்துடைப்பு, அடி ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி_மாடி:
ரப்பரும் பைப்பும் மாற்றியாகிவிட்டது. ரப்பர் 60 ரூபாய், பைப் 140. கடைக்காரர் பழைய ரப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இந்த கிளாசெட்டுக்கு உள்ள சைஸே இல்லை, ஒரு சைஸ் சின்னது, அதனாலதான் எம்-சீல் போட்டிருக்காங்க” என்றார். டேங்கையும் ஒரு விரல் அளவு நகர்த்தி மாட்டினேன், இப்போது பைப் இழுக்காமல் நேராக இறங்குகிறது. வரிசையாக ஃபிளஷ் பண்ணிப் பார்த்தேன், பேப்பர் காய்ந்தே இருக்கிறது. சிக்கனம் சொன்ன சொட்டு நீலமும் போட்டுப் பார்த்தேன், பேசினில் நீலம் வரவில்லை. கிளாசெட் ஆடவும் இல்லை.

ஆனால் கீழ்வீட்டில் இன்னும் சொட்டுகிறதாம். “ஒண்ணும் சரியாகலையே சார்” என்கிறார். என்ன பதில் சொல்வது?

சைட்_இன்ஜினியர்:
சொட்டத்தான் செய்யும். பள்ளத்தில் இத்தனை நாள் தேங்கிய தண்ணீர் இனிமேல்தான் வடிய வேண்டும், சில வாரம்கூட ஆகலாம். சொட்டுகிற வேகம் குறைகிறதா, பென்சில் கோட்டைத் தாண்டாமல் நிற்கிறதா, அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் சீலிங்கை பெயிண்ட் அடிக்கவோ பட்டி பார்க்கவோ வேண்டாம், ஈரத்தின்மேல் அடித்தால் உப்பி உதிரும். ஒரு மாசம் கழித்தும் குறையவில்லை என்றால் குளிக்கிற இடத்தைத் தனியாகச் சோதியுங்கள். நஹானி டிராப் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, தரையில் ஒரு இன்ச் தண்ணீர் கட்டி ஒரு நாள் வைத்துப் பாருங்கள், அதையும் கீழ்வீட்டில் சொல்லிவிட்டு. அப்படியே வந்தாலும் உடனே உடைக்க வேண்டாம், டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (இடுக்கை அடைக்கிற, தண்ணீர் புகாத பூச்சு) போட்டால் பல வீட்டில் நின்றிருக்கிறது.

கீழ்வீட்டுக்காரன்:
அவருக்குப் பழைய ரப்பரின் போட்டோவை அனுப்புங்கள். நான் கீழே இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு வேண்டியது மேலே யாரோ குனிந்து பார்த்தார்கள் என்கிற ஆதாரம்தான்.

பழைய_வீடு:
நானும் பந்துக் கம்பியை வளைத்துப் பார்த்தேன் அண்ணா, வெளியே சொட்டுவது நின்றுவிட்டது. ஆனால் ஆங்கிள் காக்கை மூடித் திறந்ததில் அதன் கைப்பிடிக்கு அடியில் இப்போது லேசாகக் கசிகிறது. வருஷக்கணக்கில் யாரும் தொடாத காக்.

குழாய்_மேஸ்திரி:
பழைய ஸ்பிண்டில் காக்கில் இது சகஜம் தம்பி. கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நட் இருக்கும், அதைக் கால் திருப்பு முடுக்குங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மெயின் கேட் வால்வை மூடிவிட்டு ஸ்பிண்டிலைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள், அது மட்டும் தனியாகக் கிடைக்கும். மெயின் வால்வே மூடவில்லை என்றால் ஆங்கிள் காக்கில் கை வைக்காதீர்கள், முதலில் மாடி டேங்கின் வால்வைப் பாருங்கள். அப்புறம் மாசம் ஒரு தடவை எல்லாக் காக்கையும் மூடித் திறந்து விடுங்கள், உப்புப் பிடிக்காது. ஹெல்த் ஃபாஸெட் காக்கை மட்டும் உபயோகித்ததும் மூடி வைக்கணும், அந்த ஹோஸ் ராத்திரியில் வெடித்தால் வீடு முழுக்கத் தண்ணீர்.